வெளியார் வருகையும் நம் வீட்டுச் சம்பளமும்

குடும்பமாகவும் குழுவாகவும் படித்துச் சிந்திக்க ஒரு பாடம்



நாடுகள் தமக்குள் செய்துகொள்ளும் வர்த்தக உடன்படிக்கைகளைப் பற்றிய செய்தி வந்தால், அது கொழும்பிலும் டில்லியிலும் உள்ள பெரிய மனிதர்களின் விஷயம் என்று நம்மவரில் பலர் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். ஆனால் பெரட்டுக்களத்தில் விழும் ஒவ்வொரு பேருக்கும் கிடைக்கும் சம்பளத்தில் அந்த உடன்படிக்கைகளுக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கு எவ்வளவு, எவ்வழியாக வருகிறது என்பதை அறிந்துகொள்வது நமது கடமையாகும்.

2016ஆம் ஆண்டில் இந்தியாவுடன் 'எட்கா' எனப்படும் பொருளாதார, தொழில்நுட்ப ஒத்துழைப்பு உடன்படிக்கை பற்றிய பேச்சு எழுந்தபோது, இலங்கையின் மருத்துவர்களும் ஏனைய தொழில்வல்லுநர் சங்கத்தினரும் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். 2023இன் இறுதியில் அப்பேச்சு மீண்டும் தொடங்கியபோது அதே அச்சமும் திரும்பி வந்தது. குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்ய ஆயத்தமானவர்கள் வெளியிலிருந்து வந்தால், இங்கே தொழில் தெரிந்தவனின் சம்பளம் விழுந்துவிடும் என்பதே அந்த அச்சம். மகனை மேசன் வேலைக்கும் மின்சார வேலைக்கும் பழக்கிக் கொழும்புக்கு அனுப்பியிருக்கும் மலைநாட்டுக் குடும்பத்துக்கும் இதே கவலை உண்டு.

இந்த அச்சம் நியாயமானதா? இதை ஆராய நம்மைவிடப் பொருத்தமானவர் வேறு யாருமில்லை எனலாம். ஏனெனில், "வெளியிலிருந்து வந்து கூலியைக் குறைத்தவர்கள்" என்ற குற்றச்சாட்டை ஒரு காலத்தில் சுமந்தவர்கள் நமது பாட்டன் பாட்டிமாரே ஆவர்.

1. வந்தவர்களும் இருந்தவர்களும்

1820களில் மத்திய மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் எழத் தொடங்கின. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கங்காணிமார் ஆள்கட்டி அழைத்து வந்தார்கள். கோப்பிக் காலத்தில் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பியவர்களே அதிகம். 1869இல் கோப்பியை இலைநோய் தாக்கியது. அதற்கு இரண்டு வருடங்கள் முன்னர், 1867இல், லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்டிருந்தார். தேயிலைக்கு வருடம் முழுவதும் கொழுந்தெடுக்க ஆள் வேண்டும். ஆகவே நம்மவர்கள் குடும்பம் குடும்பமாக லயங்களில் நிலைத்தார்கள்.

இவர்களின் வருகை இங்கிருந்தவர்களின் பிழைப்பைக் கெடுத்ததா? இதற்கு இரண்டு விடைகள் உண்டு. அக்காலத்தில் காட்டை வெட்டி வெளியாக்கும் வேலையைச் சிங்களக் கிராமத்தவர்கள் கொந்தரப்பாக எடுத்துச் செய்தார்கள். கோப்பி மூட்டைகளைக் கொழும்புக்கு இழுத்துச் சென்ற மாட்டுவண்டிகளும் பெரும்பாலும் கரைநாட்டுச் சிங்களவரின் வண்டிகளே. பழம் பறிக்க ஆட்கள் வரவர, தோட்டங்கள் பெருகின. தோட்டங்கள் பெருகப் பெருக, காடு வெட்டுபவனுக்கும் வண்டிக்காரனுக்கும் தச்சனுக்கும் வேலை பெருகியது. வந்தவன் செய்யும் வேலை வேறு, இருந்தவன் செய்யும் வேலை வேறு என்றிருந்தால், ஒருவன் மற்றவனுக்கு வேலை உண்டாக்குகிறான்.

அடுத்த விடை வேறு விதமானது. மண்வெட்டி வேலையிலும் கொழுந்து மலையிலும் நாட்கூலி பல பத்தாண்டுகள் ஏறக்குறைய அசையாமலே கிடந்தது. தேயிலைத் தோட்டங்கள் விரிந்த காலத்திலும் அது உயரவில்லை. ஆள் தட்டுப்பாடு வந்தபோதெல்லாம், கூலியை உயர்த்துவதற்குப் பதிலாக, முன்பணத்தைக் கொடுத்துக் கங்காணியை மீண்டும் இந்தியாவுக்கு அனுப்புவது துரைமாருக்கு மலிவாக இருந்தது. ஒரே வேலைக்கு முடிவில்லாமல் புதிய கைகள் வந்துகொண்டிருந்தால், அவ்வேலையின் கூலி உயர்வது கடினம் என்பதை மறைக்கவேண்டியதில்லை.

ஆனால் ஆட்தொகை மட்டுமே காரணமா? வந்தவன் கங்காணியிடம் கடன்பட்டவனாக வந்தான். அவன் வேறு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால், அவன் கடன் எவ்வளவு என்று எழுதிய 'துண்டு' கையில் வேண்டும். புதிய துரை அக்கடனைச் செலுத்தினால்தான் விடுதலை. 1865ஆம் ஆண்டின் சட்டப்படி, சொல்லாமல் வேலையை விட்டுப் போவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பக்கத்துத் தோட்டத்தில் அதிகம் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டாலும் போக முடியாதவன், தன் துரையிடம் எப்படிக் கூட்டிக் கேட்பான்? கூலியை அமுக்கியது வந்தவனின் வருகை மட்டுமல்ல, வந்தவனைக் கட்டிவைத்த கயிறுமாகும். துண்டு முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது.

2. முதலாவது சம்பளச் சட்டம் வந்த விதம்

இந்திய அரசு 1922இல் குடிபெயர்வுச் சட்டம் ஒன்றை இயற்றியது. தக்க நிபந்தனைகள் இருந்தாலன்றித் தொழிலாளரை வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது என்பது அதன் நோக்கம். இந்திய அரசின் பிரதிநிதி ஒருவர் இலங்கையில் நியமிக்கப்பட்டார். சம்பளத்துக்கு ஒரு கீழெல்லை வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. ஆட்களை இழக்க விரும்பாத இலங்கை அரசு 1927இல், 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் மூலம் இந்தியத் தொழிலாளருக்கு ஆகக்குறைந்த சம்பளத்தை ஏற்றுக்கொண்டது. 1929இல் அது நடைமுறைக்கு வந்தபோது, மேல்நாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என வரையறுக்கப்பட்டது.

இதில் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, தொழிலாளரை அனுப்பும் நாடும் பெறும் நாடும் பேசி நிபந்தனை விதித்தால், குடிபெயர்வே சம்பளத்துக்கு ஒரு தளத்தைக் கொடுக்க முடியும். மற்றது, அச்சட்டம் இந்தியத் தொழிலாளருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து அதே மலையில் வேலை செய்த சிங்களத் தொழிலாளிக்கு அப்பாதுகாப்பு இல்லை. ஒரே வேலைக்கு ஒருவருக்குச் சட்டமும் மற்றவருக்கு வெறுங்கையுமாக இருந்தால், இருவருக்குமிடையே மனக்கசப்பே வளரும். 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் சட்டம் வந்த பின்னரே, இன்னார் இனியார் என்றில்லாமல் தொழிலைக் கொண்டு சம்பளம் நிர்ணயிக்கும் முறை ஏற்பட்டது.

3. விலையைக் காத்த உடன்படிக்கை

1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தில் தேயிலை விலை சரிந்தது. 1933இல் இந்தியா, இலங்கை, ஒல்லாந்தர் ஆட்சியிலிருந்த கிழக்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றின் உற்பத்தியாளர் சேர்ந்து சர்வதேசத் தேயிலை உடன்படிக்கையைச் செய்துகொண்டார்கள். ஒவ்வொரு நாடும் எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று பங்கு பிரிக்கப்பட்டது. புதிதாகத் தேயிலை நடுவதும் கட்டுப்படுத்தப்பட்டது. தேயிலை விலையைத் தாங்கிப் பிடிப்பதற்கு அது உதவியது.

அதே காலத்தில் தொழிலாளரின் நிலை என்ன? 54 சதம் என்று 1929இல் போடப்பட்ட கீழெல்லையே மந்த காலத்தில் வெட்டிக் குறைக்கப்பட்டது. வேலையிழந்து ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். உடன்படிக்கை மேசையில் பங்குதாரர், கம்பனிகள், அரசாங்கங்கள் யாவரும் இருந்தார்கள். கொழுந்தெடுத்தவளுக்கு மட்டும் அங்கே நாற்காலி இல்லை. வர்த்தக உடன்படிக்கை ஒன்று பொருளின் விலையைக் காக்கலாம். அந்த விலையில் கூலிக்காரனுக்கு எவ்வளவு என்பது வேறொரு மேசையில் தீர்மானிக்கப்படுகிறது. அந்த மேசையில் நமக்கு ஆள் இருக்கிறதா என்பதே கேள்வி.

4. வெளியேற்றினால் சம்பளம் உயர்ந்ததா?

1939இல் இலங்கை அரசு, உள்நாட்டவருக்கு வேலை கொடுக்கவேண்டும் என்று கூறி, அரச திணைக்களங்களில் நாட்சம்பளத்துக்கு வேலை செய்த இந்தியர்களில் ஒரு பகுதியினரை நிறுத்தியது. ஜவஹர்லால் நேரு நேரில் வந்து பேசியும் தீர்வு காணப்படவில்லை. அவ்வருடம் ஓகஸ்டில் இந்திய அரசு இலங்கைக்கு உடலுழைப்புத் தொழிலாளர் செல்வதைத் தடைசெய்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் திறந்திருந்த வாசல் மூடப்பட்டது.

அதன் பின்னர் கூலி பற்றிய பேச்சு சூடுபிடித்தது உண்மைதான். 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டுப் போராட்டம் நடந்தபோது, கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். அவ்வருடமே தோட்டத் துரைமார் சங்கமும் தொழிற்சங்கங்களும் உடன்பாட்டுக்கு வந்தன. மறு வருடம் சம்பளச் சபைகள் சட்டம் வந்தது. புதிய ஆள் வருவது நின்றதும் இதற்கு ஓரளவு துணைசெய்திருக்கும். ஆயினும் சங்கம் சேரும் உரிமையை உயிர் கொடுத்து வாங்கியதனாலேயே அந்தத் துணை பயன்பட்டது.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நம்மவரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. வாக்குரிமையும் போயிற்று. பின்னர் 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. நாடற்றவர்கள் 975,000 பேர் என்று கணக்கிடப்பட்டு, 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்குவது, மீதி 150,000 பேரைப் பின்னர் தீர்மானிப்பது என்று எழுதினார்கள். 1974இல் அந்த மீதியையும் 75,000 வீதம் பங்கிட்டார்கள். மனிதர் தம் விருப்பத்தைக் கேட்பார் இல்லை.

அதே 1964ஆம் ஆண்டின் இறுதியில், உலகின் மறுகோடியில் இதையொத்த வேறொரு முடிவு எடுக்கப்பட்டது. 1942 முதல் அமெரிக்க ஐக்கிய நாடும் மெக்சிக்கோவும் செய்துகொண்ட 'பிரசேரோ' ஏற்பாட்டின் கீழ், இலட்சக்கணக்கான மெக்சிக்கர் பருவ வேலைக்காக அமெரிக்கப் பண்ணைகளுக்கு வந்து போனார்கள். அவர்களால் உள்நாட்டுப் பண்ணைத் தொழிலாளியின் கூலி விழுகிறது என்று கூறி, அமெரிக்க அரசு அவ்வேற்பாட்டை நிறுத்தியது. கூலி உயர்ந்ததா? மைக்கேல் கிளெமென்ஸ் முதலிய பொருளியலாளர்கள் மாநில வாரியாக ஒப்பிட்டு 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, மெக்சிக்கர் நிறைந்திருந்த மாநிலங்களில் கூலி மற்ற மாநிலங்களைவிட வேகமாக உயரவில்லை. பண்ணைக்காரர்கள் இயந்திரங்களை வாங்கினார்கள், பயிரையும் மாற்றினார்கள்.

இங்கே நடந்ததும் நமக்குத் தெரியும். கப்பலேறிப் போனவர்களால் தோட்டங்களில் ஆட்தொகை குறைந்தது. ஆனால் எஞ்சியவர்களுக்குச் செழிப்பு வரவில்லை. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினியால் மாண்டவர்களை நம் மூத்தவர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். வெளியாரை அனுப்பிவிட்டால் கூலி தானாகவே உயரும் என்ற வாதத்துக்கு மலைநாட்டு வரலாறு சான்று தரவில்லை.

இவ்விஷயத்தில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1980இல் ஏறத்தாழ 125,000 கியூபர் சில மாதங்களுக்குள் அமெரிக்காவுக்கு வந்திறங்கி, அவர்களிற் பலர் மியாமி நகரில் குடியேறினார்கள். அங்குள்ளவர்களின் கூலி பெரிதாக விழவில்லை என்று டேவிட் கார்ட் 1990இல் எழுதினார். படிப்புக் குறைந்த தொழிலாளரை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் விழுந்தது என்று ஜோர்ஜ் போர்ஹாஸ் பின்னர் மறுத்தார். இருவர் வாதத்திலிருந்தும் நாம் பெறக்கூடியது ஒன்றுண்டு: வந்தவன் யாருடைய வேலையைச் செய்கிறான், எந்த உரிமையோடு செய்கிறான் என்பதைப் பொறுத்தே நன்மையும் தீமையும் அமைகின்றன.

5. சம்பளம் உயர்ந்த வேளை

1984 ஏப்ரலில் மலைநாடெங்கும் தொழிற்சங்கங்கள் ஒன்றுசேர்ந்து வேலைநிறுத்தம் செய்தன. அவ்வருடமே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பது கிடைத்தது. 54 சதம், 43 சதம் என்று 1929இல் எழுதப்பட்ட வேற்றுமை நீங்குவதற்கு 55 வருடங்கள் சென்றன. அவ்வேளையில் மூன்று காரியங்கள் கூடி வந்தன. உலகச் சந்தையில் தேயிலை நல்ல விலைக்குப் போனது. சங்கங்கள் பிளவுபடாமல் நின்றன. பிரசாவுரிமை பெற்றவர்களின் வாக்கு தேர்தலில் எண்ணப்படத் தொடங்கியிருந்தது. விலை, ஒற்றுமை, வாக்கு ஆகிய மூன்றில் முதலாவது மட்டும் இருந்தால் போதாது என்பதை அடுத்து வரும் செய்திகள் காட்டும்.

6. இக்கால உடன்படிக்கைகள்

1998 டிசம்பரில் கைச்சாத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய - இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கை பண்டங்களுக்கு மட்டுமே உரியது. தொழிலாளர் போக்குவரத்து அதில் இல்லை. அதன்படி இலங்கைத் தேயிலை வருடத்துக்கு 150 இலட்சம் கிலோ வரை குறைந்த தீர்வையில் இந்தியாவுக்குள் செல்லலாம். இச்செய்தி நீலகிரியில் அச்சத்தை உண்டாக்கியது. அங்கே கொழுந்து விலை வீழ்ந்து கிடந்த காலம் அது. 'இலங்கைத் தேயிலை வந்து நம்மை அழிக்கிறது' என்ற பேச்சு எழுந்தது. நடந்தது என்னவென்றால், அந்த 150 இலட்சம் கிலோவில் சிறு பங்கே பயன்படுத்தப்பட்டது.

நீலகிரித் தோட்டங்களில் கொழுந்தெடுப்பவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டு அரசு 1968 முதல் கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கியது. 'டான்டீ' என்று அறியப்படுவது அதுவே. மஸ்கெலியாவில் தங்கை, கூடலூரில் அக்காள் என்று பிரிந்த குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ உண்டு. அக்காள் பறித்த கொழுந்துக்குத் தங்கை பறித்த கொழுந்து பகையாம்! இருவர் கூலியும் குறைவாக இருப்பதற்கு மற்றவள் காரணமல்ல என்பதை இருவருமே அறிவார்கள்.

இரண்டாவது செய்தி ஈரான் பற்றியது. 2012இல் வாங்கிய எண்ணெய்க்கு இலங்கை 25 கோடியே 10 இலட்சம் டொலர் கடன்பட்டிருந்தது. அதைத் தேயிலையாகக் கொடுத்துத் தீர்ப்பதென்று 2021 டிசம்பரில் உடன்பாடு ஏற்பட்டது. மாதத்துக்கு 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலை என்பது திட்டம். 2023இல் அனுப்பத் தொடங்கினார்கள். ஈரானுக்குப் போகும் தேயிலைக்கு இங்குள்ள ஏற்றுமதியாளருக்கு ரூபாவில் பணம் கிடைக்கும். நாட்டின் கடனை அடைத்த பெருமை கொழுந்துக்கு உண்டு. எடுத்தவளின் பேருக்கு ஒரு சதமேனும் கூடும் என்று அந்த உடன்பாட்டில் எந்த ஏற்பாடும் இல்லை.

மூன்றாவது செய்தி கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டியது. 2021 மார்ச்சில் சம்பளச் சபையின் மூலம் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அன்று ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபா. ஆகவே அச்சம்பளம் சுமார் 5 டொலர். 2022இல் ரூபா சரிந்து, ஒரு டொலர் 360 ரூபாவை எட்டியது. அதே 1,000 ரூபா 3 டொலருக்கும் கீழே போனது. செப்டெம்பரில் விலைவாசி ஒரு வருடத்தில் 70 வீதமளவு ஏறியிருந்தது. தேயிலையோ வெளிநாட்டுக்கு டொலரில் விற்கப்படுவது. கொழும்பு ஏலத்தில் சராசரி விலை 2021ஐவிட 2022இல் ஏறக்குறைய இரு மடங்கானது.

கம்பனிகளின் பக்கத்தையும் கேட்பது நியாயமாகும். 2021இல் இரசாயன உரத்துக்கு விதிக்கப்பட்ட தடையால் விளைச்சல் விழுந்தது. 2021இல் ஏறத்தாழ 2,990 இலட்சம் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் 2,510 இலட்சம் கிலோவாகக் குறைந்தது. எரிபொருளும் மின்சாரமும் விலையேறின. இவை உண்மை. எனினும் 1,000 ரூபா என்ற அடிமட்டம் 2024 செப்டெம்பர் வரை நின்ற இடத்திலேயே நின்று, பின்னர் 1,350 ரூபாவானது. அன்றைய டொலர்க் கணக்கில் அது நாலரை டொலர். 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அதை 1,550 ரூபாவாக்கவும், அதற்கு மேல் அரசு 200 ரூபா வரவுக் கொடுப்பனவு வழங்கவும் முன்மொழியப்பட்டது. 1,550 ரூபா என்பது மீண்டும் சுமார் 5 டொலர். ஐந்து வருடம் நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் கணக்கு இது. இந்த ஐந்து வருடத்தில் எந்த வெளிநாட்டுத் தொழிலாளியும் வந்து கொழுந்தெடுக்கவில்லை என்பதையும் சேர்த்து நினையுங்கள்.

இன்னும் ஒன்று. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு மாறியபோது அவற்றில் 3 இலட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் பதிவாகியிருந்தனர். இன்று அதில் பாதியும் இல்லை. மலையில் ஆளில்லை என்று நிர்வாகம் சொல்கிறது. ஆள் குறைந்தால் கூலி ஏறவேண்டும் என்பது சந்தையின் பொது விதி. அவ்விதி இங்கே மெதுவாகவே வேலை செய்கிறது. வீடும் முகவரியும் தோட்டத்தோடு கட்டப்பட்டிருக்கும் குடும்பம் முழுச் சுதந்திரத்தோடு பேரம் பேச முடியாது. துண்டு ஒழிந்தாலும், லயத்து அறை இன்னொரு துண்டாக இருக்கிறதோ என்று கேட்கத் தோன்றுகிறது.

7. கைத்திறனுக்குப் பெயர் வேண்டும்

இங்கே நம்மைப் பற்றியும் சிந்திக்க வேண்டும். கொழுந்தெடுப்பதைத் திறனற்ற வேலை என்றே நெடுங்காலமாக எழுதி வந்திருக்கிறார்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் எது, வங்கிக் கொழுந்து எது என்று கண்ணால் கண்ட மாத்திரத்தில் விரல் அறிவது திறனல்லவா? கவ்வாத்துக் கத்தி எந்தச் சாய்வில் விழவேண்டும் என்பது திறனல்லவா? வாடல் போதுமா என்று கொழுந்தைக் கையில் பிடித்தே சொல்லும் தொழிற்சாலைக்காரனின் அறிவு திறனல்லவா? ஆனால் முப்பது வருடம் கொழுந்தெடுத்தவளுக்கும் நேற்று வந்தவளுக்கும் நாட்சம்பளம் ஒன்றே. திறனுக்குப் பெயரும் படியும் இல்லாத இடத்தில், யாரையும் யாருக்குப் பதிலாகவும் நிறுத்திவிடலாம். அங்கேதான் வெளியிலிருந்து வருபவனைப் பற்றிய அச்சமும் பெரிதாகிறது.

கொழும்பில் பாஸ்மாருக்குக் கையாளாகப் போகும் நம் பிள்ளைகளின் கதையும் இதுவே. ஐந்து வருடத்தில் தாங்களே பாஸ் ஆகுமளவுக்கு வேலை பழகியிருந்தாலும், கையில் ஒரு சான்றிதழ் இல்லாததால் கையாள் கூலியோடு நின்றுவிடுகிறார்கள். வேலைத்தலத்தில் கற்ற தொழிலைச் சோதித்துத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை நாட்டில் உண்டு. 'நைட்டா' என்று அழைக்கப்படும் பயிலுநர் பயிற்சி அதிகாரசபை அதை நடத்துகிறது. வெளிநாடு செல்வோருக்கும் அது பயன்படும். அரபு நாட்டுக்குப் போகும் நம் பிள்ளை அங்கே யார் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். அந்நாட்டாருக்கு அவனே வெளியான். கடவுச்சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, வேலை கொடுத்தவனை விட்டுப் போகவிடாமல் தடுத்தால், நம் முன்னோரின் துண்டு அவன் கைக்கு வந்துவிட்டது என்றே பொருள்.

8. திருச்சபை சொல்வது

பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1891இல் தொழிலாளர் நிலைபற்றி எழுதிய சுற்றுமடலில், இருவரும் சம்மதித்துவிட்டார்கள் என்பதனால் மட்டும் ஒரு கூலி நீதியான கூலியாகிவிடாது, அது உழைப்பவனின் வாழ்வைத் தாங்க வேண்டும் என்று போதித்தார். பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981இல் மனித உழைப்பைப் பற்றிய சுற்றுமடலில், பிழைப்புக்காக வேறு நாடு சென்றவன் அந்நாட்டுத் தொழிலாளியைவிட உரிமையில் தாழ்த்தப்படலாகாது என்று எடுத்துரைத்தார். இது அந்நியனுக்குக் காட்டும் இரக்கம் மட்டுமல்ல, ஊரவனின் சம்பளத்துக்கும் காவல் என்பதை மேலே கண்ட வரலாறு விளக்குகிறது. அந்நியனை மலிவாக வாங்க முடியாதபடி சட்டம் காத்தால், ஊரவனைத் தள்ளிவிட்டு அவனை அழைப்பதில் முதலாளிக்கு இலாபம் இராது.

ஆகவே 'எட்கா' போன்ற உடன்படிக்கை ஒன்று நம்முன் வரும்போது, இந்தியன் வருவானா என்று மட்டும் கேட்பது போதாது. வருபவனுக்கும் இங்கிருப்பவனுக்கும் ஒரே சம்பளச் சட்டம் பொருந்துமா? வேலை கொடுத்தவனை மாற்ற அவனுக்கு உரிமை உண்டா? சங்கத்தில் சேரலாமா? ஏற்றுமதியில் கூடும் வருமானத்தில் தொழிலாளிக்குப் பங்கு எவ்வாறு வரும்? இவற்றையே நம் பிரதிநிதிகளிடமும் சங்கத் தலைவர்களிடமும் கேட்க வேண்டும்.

வீட்டிலும் செய்யக்கூடியவை சில உண்டு. சம்பளச் சீட்டைப் பிள்ளைகளைக் கொண்டு வாசிக்கச் செய்து, அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, கொடுப்பனவு எவ்வளவு, சேமலாப நிதிக்கு நம்மிடமிருந்து 8 வீதமும் நிர்வாகத்திடமிருந்து 12 வீதமும் சேர்கின்றனவா என்று பார்க்கலாம். தொழில் பழகிய பிள்ளையைச் சான்றிதழ்ச் சோதனைக்கு அனுப்பலாம். வெளிநாடு புறப்படுபவர் வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து, ஒப்பந்தத்தைத் தமிழில் வாசித்துக் கேட்டபின் கையெழுத்திடலாம்.

கலந்துரையாட வினாக்கள்

1. நமது குடும்பத்தில் முதலில் இந்நாட்டுக்கு வந்தவர் எந்த ஊரிலிருந்து, எந்த நிபந்தனையோடு வந்தார்? மூத்தவர்களிடம் கேட்டறிக.

2. 1933ஆம் ஆண்டின் தேயிலை உடன்படிக்கைக்கும் 2021ஆம் ஆண்டின் ஈரான் உடன்பாட்டுக்கும் தொழிலாளியின் பார்வையில் உள்ள ஒற்றுமை யாது?

3. நமது தோட்டத்தில் அல்லது ஊரில் திறன் இருந்தும் திறனுக்குரிய சம்பளம் பெறாதவர் யாவர்? அவர்களுக்கு உதவ நம் பங்கு இளைஞர் என்ன செய்யலாம்?

4. வேறு இடத்திலிருந்து நம் ஊருக்கு வேலைக்கு வந்திருப்பவர்களை நாம் எவ்வாறு நடத்துகிறோம்? நம் பிள்ளைகள் வெளிநாட்டில் எவ்வாறு நடத்தப்பட வேண்டும் என்று விரும்புகிறோம்?